மணலும் ஞாயிற்றுக்கிழமையும்: சிங்கப்பூரின் எல்லையை யார் எழுதுவது?

சென்னை எப்படி வளர்கிறது என்று நமக்குத் தெரியும். ஓர் அரசாணை வரும். 2011-இல் அப்படி ஒன்று நடைமுறைக்கு வந்தபோது 174 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி ஒரே மூச்சில் 426 ஆனது. அம்பத்தூரும் ஆலந்தூரும் சோழிங்கநல்லூரும் உள்ளே வந்தன. 2022-இல் பெருநகரப் பகுதியின் எல்லையை 5,904 சதுர கிலோமீட்டருக்கு விரித்தார்கள். நேற்றுவரை ஏரியும் வயலுமாக இருந்த ஊர்கள் காகிதத்தில் பெருநகரம் ஆயின. அது நல்லதா கெட்டதா என்பது வேறு பேச்சு. விழுங்குவதற்குப் பக்கத்தில் ஊர்கள் இருந்தன, நகரம் விழுங்கியது.

சிங்கப்பூருக்குப் பக்கத்தில் அப்படி ஊர் கிடையாது. 1965 ஆகஸ்ட் 9-ஆம் தேதிக்குப் பிறகு நகரத்தின் எல்லைதான் நாட்டின் எல்லை. வடக்கே ஜொகூர் நீரிணையைத் தாண்டினால் மலேசியா. தெற்கே கண்ணுக்கெட்டும் தூரத்தில் இந்தோனேசியத் தீவுகள். அப்போ இந்த நகரம் எப்படித்தான் வளர்ந்தது? மூன்று வழிகளில். கடலைத் தூர்த்தது: சுதந்திரம் கிடைத்தபோது ஏறத்தாழ 580 சதுர கிலோமீட்டராக இருந்த நிலப்பரப்பு இன்று 730-ஐத் தாண்டிவிட்டது. மேல்நோக்கி எழும்பியது: 1960-இல் தொடங்கப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கம்பங்களைக் கலைத்து மக்களை அடுக்குமாடிக்கு ஏற்றியது. கடைசி வழி, வெளியிலிருந்து ஆட்களைத் தவணை முறையில் கொண்டுவருவது. 2024-இல் மக்கள்தொகை 60 லட்சத்தைத் தாண்டியபோது அதில் 18 லட்சத்துக்கும் மேற்பட்டோர் குடிமக்களோ நிரந்தரவாசிகளோ அல்ல.

இந்த மூன்றில் அடுக்குமாடி நம் கதைகளில் தாராளமாக உண்டு. மின்தூக்கியில் மாட்டிக்கொண்டவர்கள், புளோக்கின் கீழே சடங்கு நடத்துபவர்கள், பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி என்று ஒரு தனி வகையே உருவாகியிருக்கிறது. ஆனால் மணலும், அந்த மணலைக் கொட்டிய ஆளும்? மணல் வருவதே இல்லை. ஆள் வருகிறான், ஞாயிற்றுக்கிழமை மட்டும். சிங்கப்பூர்த் தமிழ்ப் புனைவின் மேல் எனக்கிருக்கும் ஒரே பெரிய புகார் இதுதான்.

1

முதலில் நம் எழுத்தில் இருக்கும் வரைபடத்தைப் பார்ப்போம். அதன் நடுவில் தேக்கா இருக்கிறது. கதாபாத்திரம் பொங்கோலிலோ ஜூரோங்கிலோ குடியிருந்தாலும், அவளுடைய 'தமிழ் நேரம்' தொடங்குவது சிராங்கூன் ரோட்டில்தான். மல்லிகைப்பூ, ஆட்டுக்கறி, வீரமாகாளியம்மன், முஸ்தபா. ஏதோ ஆதிகாலம் தொட்டே சிங்கப்பூர்த் தமிழனின் வீடு அங்கேதான் இருந்தது போல.

வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1822-இல் வரையப்பட்ட ஜாக்சன் நகரத் திட்டத்தில் நம் ஆட்களுக்கு ஒதுக்கப்பட்ட 'சூலியா கம்பம்' சிங்கப்பூர் ஆற்றின் மேற்பகுதியில் இருக்கிறது. 1827-இல் எழுந்த மாரியம்மன் கோயில் சவுத் பிரிட்ஜ் ரோட்டில், இன்றைய சைனாடவுனுக்குள் நிற்கிறது. 1828-க்கும் 1830-க்கும் இடையில் கட்டப்பட்ட நாகூர் தர்கா தெலுக் ஆயர் வீதியில். அன்று அந்த வீதிதான் கடற்கரை. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் உயிரோடு இறங்கியதும் நாகூர் ஆண்டவருக்கு நன்றி சொல்ல வாசலிலேயே இடம் இருந்தது. இன்று அந்த வாசலில் நின்றால் வங்கிக் கோபுரங்கள்தான் தெரியும். கடலை மண்ணைப் போட்டுத் தள்ளிவிட்டார்கள். 1887-இல் வந்த சதாசிவ பண்டிதரின் 'சிங்கை நகர் அந்தாதி' பாடுவதும் டேங்க் ரோட்டு முருகனைத்தான்.

அன்றைய தேக்கா நகரத்தின் ஓரம். ஊருக்குள் வைத்துக்கொள்ள விரும்பாதவற்றை அங்கே தள்ளினார்கள்: செங்கல் சூளை, 1840-களில் வந்த குதிரைப் பந்தயத் திடல், பிறகு மாட்டுக் கொட்டகைகள். ரோச்சோர் ஆற்றோரத்து ஈரநிலம் எருமைக்கு வாகாக இருந்தது. 'கண்டாங் கெர்பாவ்' என்ற மலாய்ப் பெயருக்கு எருமைத் தொழுவம் என்று பொருள். சிங்கப்பூரில் பல தலைமுறைகள் பிறந்த கேகே மருத்துவமனையின் பெயரில் உள்ள இரண்டு எழுத்துகளும் அந்தத் தொழுவம்தான். மாட்டுத் தொழிலும் சூளை வேலையும் தமிழர்களை அந்த ஓரத்துக்கு இழுத்தன. நகரம் வளர்ந்து அந்த ஓரத்தைச் சுற்றி வளைத்துக்கொண்டது. விளிம்பாக இருந்தது மையமானது இப்படித்தான்.

'லிட்டில் இந்தியா' என்பதோ சுற்றுலாவுக்காகப் பிறகு சூட்டிய பெயர். 1989-இல் அது பாதுகாக்கப்பட்ட வட்டாரமானது. அதே 1989-இல்தான் வீவக வீடுகளுக்கான இன ஒருங்கிணைப்புக் கொள்கையும் வந்தது. ஒவ்வொரு புளோக்கிலும் ஒவ்வோர் இனத்துக்கும் இத்தனை விழுக்காடு என்று உச்சவரம்பு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மக்கள் வாழும் இடங்களில் இந்தியர்கள் ஓரிடத்தில் சேராமல் பார்த்துக்கொள்ள ஒரு விதி. யாரும் பெரிதாக வாழாத ஓர் இடத்தை இந்தியமாகவே வைத்திருக்க இன்னொரு விதி. முதலாவதற்கு நியாயம் உண்டு. இனவாரியாகப் பிரிந்து கிடந்த ஊரில் கலவரங்களைப் பார்த்த தலைமுறை போட்ட விதி அது. நான் கேட்பது இலக்கியம் பற்றி. கொள்கை வரைந்த வரைபடத்தை நம் கதைகள் ஏன் அப்படியே ஏற்றுக்கொண்டன? தமிழர்கள் கூட்டமாக வாழ்ந்த செம்பவாங் கடற்படைத் தளம், தஞ்சோங் பகார் துறைமுகக் குடியிருப்புகள், ரயில்வே வரிசைவீடுகள் எல்லாம் நினைவுக்குறிப்புகளில் வருகின்றன. புனைவில் அவை மங்கலாகிவிட்டன. தேக்கா மட்டும் பளிச்சென்று நிற்கிறது.

2

மணலை யார் எழுதினார்கள் என்று தேடினால் ஒரு சினிமாவில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. யோ சியூ ஹுவா இயக்கிய 'எ லேண்ட் இமேஜின்ட்', 2018-இல் லொகார்னோ திரைப்பட விழாவில் தங்கச் சிறுத்தை விருது வாங்கிய படம். கதை நடப்பது தீவின் மேற்குக் கடலோரத்தில், நில மீட்புப் பணியிடத்தில். சீனாவிலிருந்து வந்த தொழிலாளி வாங் காணாமல் போகிறான். தூக்கம் வராத ஒரு துப்பறிவாளர் அவனைத் தேடுகிறார். வாங்கின் வங்கதேச நண்பன் அஜித் அதற்கு முன்பே மறைந்துவிட்டான். வேலையில் கை முறிந்த வாங், லோரியில் ஆட்களை ஏற்றி இறக்கும் வேலைக்கு மாற்றப்பட்டவன். இரவில் தூங்க முடியாமல் ஓர் இணையக் கடையில் கிடக்கிறான்.

இந்தப் படத்தில் எல்லை என்பது காலுக்குக் கீழே இருக்கிறது. கடற்கரையில் உட்கார்ந்து, இந்த மணல் எந்தெந்த நாட்டிலிருந்து வந்தது என்று பேசிக்கொள்கிறார்கள். அந்தப் பேச்சில் தீவின் தரையே வேறு நாடாகிறது. கற்பனை மட்டும் என்று ஒதுக்க முடியாது. மணல் ஏற்றுமதியை இந்தோனேசியா 2007-இல் தடைசெய்தது. சுற்றுச்சூழல் ஒரு காரணம். தன் சிறு தீவுகள் கரைந்தால் கடல் எல்லை என்னாகும் என்ற பயம் இன்னொரு காரணம். கம்போடியா 2017-இல் நிறுத்தியது. ஒரு நாட்டின் ஆற்றுப்படுகை இன்னொரு நாட்டின் விமான ஓடுதளத்துக்கு அடியில் போய்ப் படுக்கிறது. ஒரு நகரம் வளர்வதை இதைவிட நேராகச் சொல்ல முடியுமா தெரியவில்லை.

படத்தின் பெரிய பலம் தூக்கமின்மை. நகரத்தை வளர்ப்பவனுக்கும் அதைக் காவல் காப்பவனுக்கும் தூக்கம் இல்லை. இருவரும் ஒருவரை ஒருவர் கனவில் பார்த்திருக்கக்கூடும் என்பதுபோல் கதை வளைகிறது. ஆனால் எனக்கு இடறுவதும் இங்கேதான். ஒருவன் காணாமல் போனதற்குக் காரணம் கனவாகிவிட்டால், கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொண்ட முதலாளி தப்பித்துவிடுகிறான். அஜித்துக்கு என்ன ஆயிற்று என்பதைப் படம் மூடுபனியில் விட்டுவிட்டு அழகான ஒளிக்குப் போகிறது. அந்த நியான் ஒளி சில இடங்களில் நெஞ்சைத் தொடுகிறது, சில இடங்களில் கண்ணை மறைக்கிறது. இருந்தாலும் ஒன்றை மறுக்க முடியாது. இது திங்கள் முதல் சனி வரை நடக்கும் கதை. பணியிடம், லோரி, கட்டில், கடன். தொழிலாளி இங்கே வேடிக்கை பார்க்கப்படும் கூட்டம் இல்லை. அவன் யாரையோ தேடுகிறான், யாரையோ நேசிக்கிறான், தூக்கம் வராமல் புரள்கிறான்.

3

நம் கதைகளில் வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். பெயர் சொல்லிக் குட்டுவது என் நோக்கம் இல்லை, ஏனென்றால் இது ஒருவரின் குறை அல்ல, ஓர் அச்சு. உள்ளூர்க் கதைசொல்லி காய்கறி வாங்கத் தேக்கா போகிறார். கூட்டம். புல்வெளியில் உட்கார்ந்திருக்கும் 'ஊர்க்காரப் பையன்கள்'. முதலில் ஒரு முகச்சுளிப்பு. பிறகு ஒருவன் கைபேசியில் மகளிடம் பேசுவது காதில் விழுகிறது. அவன் குரல் தழுதழுக்கிறது. கதைசொல்லியின் கண்ணில் நீர். அத்தோடு கதை முடிகிறது. திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கு அவன் எந்த லோரியின் பின்னால் குந்தியிருப்பான் என்று கதைக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவசியமும் இல்லை. கண்ணீரோடு கணக்குத் தீர்ந்துவிட்டது.

இந்த ஞாயிற்றுக்கிழமைக்கும் ஓர் எல்லைக்கோடு போட்டார்கள். 2013 டிசம்பர் 8, ஞாயிறு இரவு, ரேஸ் கோர்ஸ் ரோடும் ஹேம்ப்ஷயர் ரோடும் சந்திக்கும் இடத்தில், தொழிலாளர்களைத் தங்குவிடுதிக்குத் திரும்ப ஏற்றிச்செல்லும் பேருந்தில் தமிழகத் தொழிலாளி ஒருவர் அடிபட்டு இறந்தார். தொடர்ந்து கலவரம். 50-க்கும் மேற்பட்டோர் நாடு கடத்தப்பட்டார்கள். 2015-இல் வந்த மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் லிட்டில் இந்தியாவையும் கேலாங்கையும் தனி மண்டலங்களாக்கியது. அங்கே பொது இடத்தில் குடிக்கக்கூடாத நேரம் சனிக்கிழமை காலை 7 மணிக்குத் தொடங்கித் திங்கட்கிழமை காலை 7 மணிக்கு முடியும். நகர எல்லையைக் கிலோமீட்டரில் அளப்பது பழக்கம். இங்கே மணிக்கணக்கில் வரைந்திருக்கிறார்கள்.

அதற்கும் முன்னால் 2008-இல், சிராங்கூன் கார்டன்ஸ் என்ற வசதியான வட்டாரத்தில், பழைய பள்ளிக்கூடம் ஒன்றைத் தொழிலாளர் விடுதியாக்கும் திட்டத்தை எதிர்த்துக் குடியிருப்பாளர்கள் மனுக் கொடுத்தார்கள். விடுதி வரத்தான் செய்தது. ஆனால் அதற்குத் தனிப் பாதை போட்டார்கள், வட்டாரத்துக்குள் நுழையாமல் போய்வர. 2020 ஏப்ரலில் பொங்கோல், தோ குவான் விடுதிகள் தனிமைப்படுத்தப்பட்டதும் இந்தத் தனிப் பாதை கணக்கேட்டுக்கே வந்துவிட்டது. தினமும் மாலையில் இரண்டு எண்கள்: 'சமூகத்தில்' இத்தனை பேர், 'தங்குவிடுதிகளில்' இத்தனை பேர். நோய் பரவும் விதம் வேறு என்பதால் தனியாக எண்ணினார்கள், அது புரிகிறது. ஆனால் சமூகம் என்ற சொல்லின் எல்லை எங்கே முடிகிறது என்பதை அந்தப் பட்டியல் போல வேறு எதுவும் சொன்னதில்லை. அவ்வாண்டு டிசம்பரில் வெளியான கணக்குப்படி விடுதிவாசிகளில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்து போயிருந்தது. 2021 செப்டம்பரில், ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு, சோதனை முயற்சியாக வாரத்துக்கு 500 பேரை, நான்கு மணி நேரம், வெளியே விட்டார்கள். எங்கே? லிட்டில் இந்தியாவுக்கும் கேலாங் சிராயிக்கும்.

இதையெல்லாம் செய்தியாக எல்லாரும் படித்தோம். கவிதையும் எழுதினோம், குறிப்பாக 2020-இல் நிறைய. அவற்றில் பெரும்பாலானவை ஜன்னலிலிருந்து எழுதியவை. ஜன்னல் யாருடையது என்று கேட்டுக்கொண்டவை குறைவு.

4

'அப்போ உள்ளே இருப்பவன் உள்ளூர்க்காரன், வெளியே இருப்பவன் வேலைப் பெர்மிட்காரன், அவ்வளவுதானே?' என்று யாராவது கேட்டால், கே. ராஜகோபாலின் 'எ யெல்லோ பேர்ட்' படத்தைப் பார்க்கச் சொல்வேன். 2016-இல் கான் திரைப்பட விழாவின் விமர்சகர் வாரத்தில் திரையிடப்பட்ட படம். நாயகன் சிவா சிங்கப்பூர்த் தமிழன். அடையாள அட்டை இருக்கிறது. சிறையிலிருந்து வெளியே வருகிறான். அம்மா மன்னிக்கவில்லை. அவனுடைய அறையில் வாடகைக்கு வேற்றாட்கள். மனைவியையும் மகளையும் தேடி அலையும்போது, சீனாவிலிருந்து வந்து உடலை விற்றுப் பிழைக்கும் ஒரு பெண்ணோடு காட்டுக்குள் கூடாரத்தில் போய்ச் சேர்கிறான்.

படம் துயரத்தை அடுக்கிக்கொண்டே போகிறது. ஒரு கட்டத்தில் போதுமப்பா என்றிருக்கிறது. ஆனால் அது காட்டும் இடங்கள் முக்கியமானவை. நகரத்தின் எல்லை கடலோரத்தில் மட்டும் இல்லை. புளோக்கின் நடைபாதையில் இருக்கிறது, விரைவுச்சாலைக்குப் பின்னால் மிச்சமிருக்கும் காட்டில் இருக்கிறது. குடியுரிமை உள்ளவனும் அங்கே போய் விழலாம். சிவாவும் அந்தப் பெண்ணும் பேசிக்கொள்ளப் பொதுவான மொழி கிடையாது. நம் ஞாயிற்றுக்கிழமைக் கதையில் கதைசொல்லிக்கும் தொழிலாளிக்கும் மொழி ஒன்றே, ஆனாலும் அவர்கள் பேசிக்கொள்வதில்லை. ஒட்டுக்கேட்பது மட்டும்தான் நடக்கிறது. ஒரே மொழிக்குள் இவ்வளவு தூரம் எப்படி வந்தது?

5

என்னைக் கேட்டால் விவகாரம் முழுக்க இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழி. நாணயத்தில் இருக்கிறது, நாடாளுமன்றத்தில் இருக்கிறது, நூலகத்தில் தனி அடுக்கு, எழுத்துக்குப் பரிசு, நூல் வெளியிட நிதி. கட்டுமான வேலியில் தொங்கும் எச்சரிக்கைப் பலகையிலும் 'அபாயம்' என்று தமிழில் எழுதியிருக்கிறது. மொழி எல்லைக்கு உள்ளே இருக்கிறது. அதைப் பேசுகிறவர்களில் பெரும்பகுதியினர் தவணையில் வந்து போகிறார்கள். இலக்கியம் முதலாமவரை மட்டும் பிரதிநிதித்துவம் செய்தால், அந்தப் பலகையின் வேலையைத்தான் அதுவும் செய்கிறது.

வங்காளிகளுக்கு இந்த ஆதரவு எதுவும் இல்லை. ஆனாலும் அவர்கள் 2011-இல் லிட்டில் இந்தியாவின் ரோவல் ரோட்டிலேயே 'திபாஷ்ரம்' என்ற இடத்தைத் திறந்து பாட்டும் கவிதையும் நடத்தினார்கள். 2014-இல் தொடங்கிய புலம்பெயர் தொழிலாளர் கவிதைப் போட்டி முதலில் வங்காளக் கவிஞர்களை நம்பித்தான் ஆரம்பமானது. தமிழ் உள்ளிட்ட பிற மொழிகள் அடுத்த ஆண்டு சேர்ந்தன. ஷெரிஃப் உதீன் என்ற கட்டுமானத் தொழிலாளியின் நாட்குறிப்பு 'ஸ்ட்ரேஞ்சர் டு மைசெல்ஃப்' 2017-இல் ஆங்கிலத்தில் புத்தகமாகியது. நம் பக்கம் எழுதும் தொழிலாளர்கள் இல்லாமல் இல்லை. முகநூலில் எழுதுகிறார்கள், கவிதைக் கூட்டங்களுக்கு வருகிறார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு, விடுதி அடைப்பதற்குள் பஸ் பிடிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். அவர்களை உட்காரவைத்து, திருத்தம் சொல்லி, தொகுப்பாக்கும் பொறுமையுள்ள ஆசிரியர்கள்தான் தேவை.

'நாங்கள் அவர்களைப் பற்றி எழுதினால் அவர்கள் குரலைத் திருடியதாகாதா?' என்று இளம் எழுத்தாளர்கள் கேட்கிறார்கள். நியாயமான தயக்கம். ஆனால் அவர்களுடைய குரலில் எழுதத்தான் வேண்டுமா என்ன? வேலியின் இந்தப் பக்கத்தில் நிற்கிறவர் யார் என்று பாருங்கள். பணியிடத்தின் பாதுகாப்பு அதிகாரி, மனிதவளப் பிரிவில் பெர்மிட்டைப் புதுப்பிப்பவர், விடுதி நிர்வாகி, மருத்துவமனையில் காயம்பட்டவன் சொல்வதை டாக்டருக்கு மொழிபெயர்ப்பவர். பல இடங்களில் இவர்கள் உள்ளூர்த் தமிழர்கள். தமிழ் தெரியும் என்பதாலேயே அந்த நாற்காலிக்கு வந்தவர்கள். 'நம்ம பையன்தானே' என்று சொல்லிக்கொண்டே 'இல்லை' என்ற பதிலையும் தமிழில் சொல்ல வேண்டியவர்கள். அடிபட்டவன் சொல்லும் ஒரு வாக்கியத்தை எவ்வளவு முழுமையாக மொழிபெயர்ப்பது என்பதில் ஒருவருக்கு இழப்பீடு கிடைப்பதும் கிடைக்காததும் இருக்கிறது. இந்த நாற்காலியிலிருந்து ஒரு நாவல் ஏன் இன்னும் வரவில்லை? இதில் அனுபவத் திருட்டு எதுவும் இல்லை. நம்முடைய சொந்தக் கதைதான் இது. ஞாயிற்றுக்கிழமைக் கண்ணீரைவிடச் சங்கடமானது, அதனால்தான் தள்ளிப்போகிறது.

நகரம் இன்னும் விரிந்துகொண்டிருக்கிறது. துவாஸில் புதிய துறைமுகத்துக்குக் கடலைத் தூர்க்கிறார்கள். ஜொகூரோடு சிறப்புப் பொருளியல் மண்டலத்துக்கான ஒப்பந்தம் 2025 ஜனவரியில் கையெழுத்தானது. விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்துவரும் மலேசியத் தமிழருக்கு அந்தப் பக்கம் வீடு, இந்தப் பக்கம் வேலை. கடவுச்சீட்டுக் கேட்கும் புறநகர் அது. அவரும் இன்னும் நம் கதைகளுக்குள் சரியாக வந்து சேரவில்லை.

தேக்காவை எழுத வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எழுதுங்கள். ஆனால் அங்கே எருமை நின்ற காலத்தையும் சேர்த்து எழுதுங்கள். நகரம் தனக்கு வேண்டாதவற்றைத் தள்ளிவைத்த ஓரம்தான் இன்று நாம் பெருமையோடு காட்டும் நடு. இன்று கிராஞ்சியிலும் துவாஸிலும் தள்ளிவைக்கப்பட்டிருக்கும் ஓரங்களில் இதே மொழியில் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. அடுத்த தொகுப்பில் ஒரு கதையாவது செவ்வாய்க்கிழமையில் நடக்கட்டும்.